பாட்டு பிடிக்கும், ஆளைப் பிடிக்காது

மழித்த தலை, கணுக்காலுக்கு மேலே சுருட்டிவிட்ட ஜீன்ஸ், தோளில் மெல்லிய பட்டை, காலில் டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ். இப்படி ஓர் இளைஞனின் படத்தைக் காட்டினால் நம்மில் பெரும்பாலோர் 'நாஜி' என்றுதான் சொல்வோம். ஸ்காவும் பங்கும் கேட்கிற ரசிகர்களிடம் அதே படத்தைக் காட்டினால் வேறு கதை கிடைக்கும். "அதெல்லாம் பின்னாடி வந்தவனுங்க செஞ்ச வேலை. அசல் ஸ்கின்ஹெட் ஜமைக்கா பாட்டுக்கு ஆடுனவன். அவனுக்கு இனவெறியே கிடையாது" என்பார்கள்.

நானும் இந்த இசையின் ரசிகன்தான். அந்தக் கதையின் முதல் பாதி உண்மை. அசல் ஸ்கின்ஹெட் ஜமைக்கா பாட்டுக்குத்தான் ஆடினான். இரண்டாம் பாதியை ஏற்றுக்கொள்ள வரலாறு இடம் தரவில்லை. அதுவும் தெற்காசியத் தோல் நிறத்தோடு இந்த இசையைக் கேட்கிற நமக்கு அது இடம் தரவே தராது. ஒரு மக்களின் இசையைக் காதலிப்பதும் அந்த மக்களை மனிதர்களாக மதிப்பதும் ஒன்றா? ஸ்காவின் அறுபது ஆண்டுக் கதை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. எந்த இசைக்குழுவை எனக்குப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

கிங்ஸ்டனின் ஸ்பீக்கர் அடுக்குகள்

முதலில் ஸ்கா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் போடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே கை மேலே எழும் கணம் ஒன்று இருக்கிறதல்லவா? ஸ்காவில் கிட்டாரும் பியானோவும் வந்து விழுவது அந்த இடத்தில்தான். கர்நாடக இசைக்காரர்கள் 'அரை இடம் தள்ளி' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். ஆனால் இங்கே அது பாட்டின் எடுப்போடு நின்றுவிடுவதில்லை. கடைசி வரைக்கும் ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். உடம்பு தானாகவே துள்ளுவது அதனால்தான்.

1950களில் ஜமைக்காவின் ஏழைகளுக்கு இசை என்றால் 'சவுண்ட் சிஸ்டம்'. நம்மூர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் செட் கட்டுவது மாதிரி, ஆளுயர ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி, அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டு ஆட வைப்பார்கள். முன்னாள் போலீஸ்காரரான டியூக் ரீட், காக்சன் டாட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் இதில் ஜாம்பவான்கள். அமெரிக்க ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் போய்விட, இவர்களுக்கு வேண்டிய தட்டுகள் வருவது குறைந்தது. வேறு வழியில்லாமல் உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தாளத்தை வாசிக்கப் போய் அரைத் தட்டை அழுத்தி வாசித்தார்கள். ஸ்கா பிறந்தது.

1962 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஜமைக்கா விடுதலை அடைந்தபோது அந்தத் தீவின் கொண்டாட்ட இசையாக ஸ்கா இருந்தது. 1964இல் ஸ்கட்டலைட்ஸ் குழு உருவானது. ஓராண்டுக்கு மேல் அது நீடிக்கவில்லை. ஆனாலும் அதன் பித்தளைக் கருவிகளின் ஒலியைத்தான் இன்றுவரை எல்லா ஸ்கா குழுக்களும் துரத்திக்கொண்டிருக்கின்றன. அதன் முக்கியமான வாசிப்பாளர்கள் பலர் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்ற பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகள்.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். இந்த இசையை உருவாக்கியதில் ஜமைக்காச் சீனர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962இல் பாப் மார்லியின் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர் லெஸ்லி காங் என்ற சீன வம்சாவளித் தயாரிப்பாளர். ஐஸ்கிரீம் கடையும் இசைத்தட்டுக் கடையுமாக இருந்த குடும்ப வியாபாரத்திலிருந்து வந்தவர். டெஸ்மண்ட் டெக்கர், ஜிம்மி கிளிஃப் போன்றவர்களையும் அவர்தான் பதிவு செய்தார். ஆக, 'சுத்தமான' ஸ்கா என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. பிறக்கும்போதே கலப்பு.

1969இன் இரண்டு கால்கள்

1948இல் வின்ட்ரஷ் கப்பலில் தொடங்கி, கரீபியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பிரிட்டனுக்கு வேலை தேடிப் போனார்கள். அவர்களோடு பாட்டும் போனது. 1960இல் தொடங்கிய 'புளூ பீட்' என்ற நிறுவனம் ஜமைக்காப் பாட்டுகளை இங்கிலாந்தில் வெளியிட்டது. அங்கே பலர் ஸ்காவையே 'புளூபீட்' என்றுதான் அழைத்தார்கள். 1964இல் மில்லி ஸ்மால் பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டிஷ் தரவரிசையில் 2ஆம் இடம் வரை ஏறியது.

கிங்ஸ்டனில் வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களை 'ரூட் பாய்' என்பார்கள். ஒடுங்கிய சூட்டு, சின்னத் தொப்பி, கட்டையான காற்சட்டை. அந்தத் தோரணையையும் லண்டன் தொழிலாளர் வீட்டுப் பையன்களின் பூட்ஸையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பவன்தான் 1960களின் இறுதியில் வந்த ஸ்கின்ஹெட். ஒரே பேட்டையில் கறுப்பினப் பையன்களும் வெள்ளையினப் பையன்களும் ஒரே மண்டபத்தில் ஆடினார்கள். 1969இல் டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரேலைட்ஸ்' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனதில் இந்த மொட்டைத் தலைகளுக்குப் பெரும் பங்கு. ஸ்கின்ஹெட்டுகளைப் போற்றி 'ஸ்கின்ஹெட் மூன்ஸ்டாம்ப்' பாடிய சிமாரிப், கறுப்பினக் கலைஞர்களின் குழு.

ரசிகர்கள் சொல்லும் கதை இந்த இடத்தில் அழகாக நின்றுவிடுகிறது. வரலாறு நிற்கவில்லை. அதே 1969, 1970 ஆண்டுகளில்தான் தெற்காசியர்களைத் தெருவில் மடக்கி அடிப்பது ஸ்கின்ஹெட்டுகளின் பொழுதுபோக்காகியது. 'பாக்கிகளை அடிப்பது' என்று அதற்கொரு பெயரே இருந்தது. அடிபட்டவர் பாகிஸ்தானியா, வங்காளியா, பஞ்சாபியா, தமிழரா என்று எவனும் கேட்கவில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் கொலையே விழுந்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஜமைக்காக்காரன் அவர்கள் கண்ணுக்கு ஸ்டைலானவன். பாட்டு, நடனம், உடை எல்லாம் தந்தவன். தெற்காசியன் அவர்கள் கண்ணுக்கு வேறு மொழி பேசுபவன், தன் பாட்டுக்கு ஒதுங்கி வாழ்பவன், திருப்பி அடிக்க மாட்டான் என்று நினைக்கப்பட்டவன். ஒருவனிடமிருந்து கிடைப்பதை வைத்து அவனை ஏற்றுக்கொண்டார்கள். எதுவும் கிடைக்காதவனை உதைத்தார்கள். சனிக்கிழமை இரவு ஜமைக்கா ஆர்கனுக்குத் துள்ளிய அதே கால்கள்தான். எனவே 'அசல் ஸ்கின்ஹெட்டுக்கு இனவெறி இல்லை' என்று யாராவது சொன்னால், யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பங்க் வந்தது, கேள்வியும் வந்தது

1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் குடிபோதையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். பிரிட்டன் கறுப்பினத்தவர் நாடாகிவிடும் என்றும், இனாக் பவல் என்ற அரசியல்வாதியை ஆதரிக்க வேண்டும் என்றும் சொன்னார். 1968இல் அதே பர்மிங்காமில் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசிப் பெயர் வாங்கியவர் பவல். கிளாப்டனோ இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு பாப் மார்லியின் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். வாழ்நாள் முழுக்க புளூஸ் வாசித்துச் சம்பாதித்தவர். பாட்டு பிடிக்கும், ஆளைப் பிடிக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைக் கண்டித்து ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்திலிருந்து 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. அது தேவைப்பட்ட காலம். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி 1977 லண்டன் மாநகரத் தேர்தலில் 1,19,000 வாக்குகள் வாங்கியிருந்தது. இயக்கத்தின் வழி எளிமையானது. ஒரே மேடையில் ஒரு பங்க் குழு, ஒரு ரெகே குழு. 1978 ஏப்ரல் 30ஆம் தேதி லண்டன் விக்டோரியா பார்க்கில் கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு எல்லாம் வாசிக்க, 80,000 பேருக்குக் குறையாமல் கூடினார்கள். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீனின் அப்பா சோமாலியர். பங்க் என்றாலே வெள்ளைக்காரப் பையன்கள் என்று இன்னும் நினைப்பவர்கள் அவருடைய குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

கிளாஷ் பற்றி இரண்டு வார்த்தை. ஜூனியர் மர்வினின் ரெகே பாட்டு ஒன்றைத் தங்கள் முதல் ஆல்பத்திலேயே பாடியவர்கள். ஜமைக்கா மாதிரி நடிக்காமல், தங்கள் கரடுமுரடான கிட்டாரிலேயே அதைப் பாடினார்கள். கடன் வாங்கினால் இப்படித்தான் வாங்க வேண்டும் என்பேன். அவர்களுடைய 1982 பாட்டான 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' குடியேறிகளைப் பற்றியது. அதன் இசைத் துண்டைத்தான் ஈழத்துத் தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ. தன்னுடைய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அகதியைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதிய பாட்டை அகதியாக வந்தவளே எடுத்து வேறு பாட்டாக்கியது எனக்கு மிகவும் பிடித்த பழிவாங்கல்.

ஆனால் விழாக்கள் மட்டும் தெருவைக் காப்பாற்றவில்லை. 1979 ஏப்ரல் 23ஆம் தேதி, பஞ்சாபிகள் அதிகம் வாழும் சவுத்தாலில் நேஷனல் ஃப்ரண்ட் தேர்தல் கூட்டம் நடத்தியது. எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள்மீது போலீஸ் பாய்ந்தது. பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். சவுத்தாலைச் சேர்ந்த மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெகே குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை உடைந்து நினைவிழந்தார். அதைப் பற்றி ரட்ஸ் என்ற பங்க் குழு பாடிய 'ஜா வார்' இன்று கேட்டாலும் வயிற்றைப் பிசையும்.

கோவென்ட்ரியின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்

கோவென்ட்ரி கார் தொழிற்சாலைகளின் நகரம். அங்கிருந்து கிளம்பிய ஸ்பெஷல்ஸ் குழுவின் மூளை ஜெர்ரி டாமர்ஸ். பாதிரியார் மகன். 1955இல் அவர் பிறந்தது நம்ப முடியாத இடத்தில்: ஊட்டியில். பாடகர்களில் டெர்ரி ஹால் வெள்ளையர், நெவில் ஸ்டேபிள் ஜமைக்காவில் பிறந்தவர். கிட்டார் வாசித்த லின்வல் கோல்டிங்கும் அப்படியே.

1978இல் அவர்கள் கிளாஷ் குழுவோடு சுற்றுப்பயணம் போனார்கள். பிராக்னெல் என்ற ஊரில் நேஷனல் ஃப்ரண்ட் ஸ்கின்ஹெட்டுகள் மேடையேறி இன்னொரு குழுவைத் தாக்கினார்கள். அன்றிரவுதான் தனக்கு யோசனை உதித்ததாக டாமர்ஸ் பின்னாளில் சொன்னார். இந்தப் பையன்களைத் தொட வேண்டுமானால், ஒரு காலத்தில் அவர்கள் ஆடிய இசையையே திரும்பக் கொண்டுவர வேண்டும். ஸ்காவின் துள்ளலையும் பங்கின் கோபத்தையும் அவர் இணைத்தது வெறும் ரசனைக்காக இல்லை. தன்னை அடிக்க வருகிறவனோடு பேச ஒரு மொழி தேடினார்.

1979இல் தொடங்கியது 'டூ டோன்' நிறுவனம். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பீட்டர் டாஷின் படத்தைப் பார்த்து வரைந்த, கறுப்புச் சூட்டு மனிதன் சின்னம். பணம் போட்டது கிரிசாலிஸ் என்ற பெரிய நிறுவனம். ஆகவே கறாராகச் சொன்னால் இது சுயாதீன நிறுவனமே இல்லை. ஆனால் எந்தக் குழுவைச் சேர்ப்பது என்ற முடிவு கோவென்ட்ரியில் இருந்தது. சேர்ந்த குழு ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு வெளியே போகவும் முடிந்தது. மேட்னஸும் பீட்டும் அப்படித்தான் போனார்கள். 'இண்டி' என்ற சொல்லை ஒலியின் பெயராக மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யார் கையில் முடிவு என்பதுதான் அந்தச் சொல்லின் சாரம்.

1979 நவம்பரில் ஒரே வாரத்து 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஸ்பெஷல்ஸ், செலக்டர், மேட்னஸ் மூன்றுமே தோன்றின. அங்கிருந்து என் அபிப்பிராயங்கள் தொடங்குகின்றன.

ஸ்பெஷல்ஸின் முதல் ஆல்பம் பாதிக்குப் பாதி பழைய ஜமைக்கா. அதை அவர்கள் மறைக்கவில்லை. 'எ மெசேஜ் டு யூ ரூடி'க்கு 1967இல் அசல் பாட்டில் டிராம்போன் வாசித்த ரிக்கோ ரோட்ரிகெஸையே அழைத்து வந்து வாசிக்க வைத்தார்கள். ஆல்ஃபா பள்ளியில் படித்துவிட்டு 1961இல் இங்கிலாந்து வந்தவர் ரிக்கோ. பாட்டை எடுத்தவர்கள் ஆளையும் மேடையேற்றினார்கள். கிளாப்டன் செய்யாததை இந்தப் பையன்கள் செய்தார்கள்.

செலக்டர்தான் டூ டோனில் அதிகம் கவனிக்கப்படாத குழு. ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் கறுப்பினத்தவர். பாடகி பாலின் பிளாக் நைஜீரிய அப்பாவுக்கும் யூத அம்மாவுக்கும் பிறந்து வெள்ளையர் குடும்பத்தில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். ரூட் பாயின் சூட்டையும் தொப்பியையும் ஒரு பெண் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது அந்த உடையின் அர்த்தமே மாறியது. ஸ்பெஷல்ஸைவிட செலக்டரின் தாளம் பதற்றமானது. எனக்கு அந்தப் பதற்றம் பிடிக்கும். சிரித்துக்கொண்டே ஆட விடாது.

மேட்னஸ் சிக்கலான குழு. லண்டன் வெள்ளைப் பையன்கள். குழுவின் பெயரே பிரின்ஸ் பஸ்டரின் பாட்டுப் பெயர். முதல் தட்டு அவருக்கான காணிக்கை. நன்றியில் குறையே இல்லை. ஆனால் நேஷனல் ஃப்ரண்ட் மொட்டைகள் கூட்டமாக வந்து நாஜி வணக்கம் வைத்தது இவர்கள் நிகழ்ச்சிகளில்தான். ஆரம்பத்தில் அதை உறுதியாகக் கண்டிக்காமல் நழுவினார்கள் என்பது என் கணிப்பு. பத்திரிகைகள் தங்களைத் தவறாகக் காட்டுவதாகப் பாட்டுகூடப் போட்டார்கள். பிறகு 1980இல் 'எம்பராஸ்மென்ட்' வந்தது. சாக்ஸபோன் வாசித்த லீ தாம்சனின் தங்கை கறுப்பினக் காதலனின் குழந்தையைச் சுமந்தபோது, தன் குடும்பமே அவளை ஒதுக்கியதைப் பற்றிய பாட்டு. இனவெறி மைதானத்தில் கொடி பிடிப்பவனிடம் மட்டுமில்லை, சாப்பாட்டு மேசையிலும் இருக்கிறது என்பதை அந்த மூன்று நிமிடம் சொன்ன அளவுக்கு எந்த மாநாட்டு உரையும் சொன்னதில்லை. நம் வீடுகளில் சாதி விட்டு, இனம் விட்டுக் கல்யாணம் என்றதும் எழும் அமைதி ஞாபகம் வருகிறதா? அந்தப் பாட்டு நமக்கும்தான்.

பர்மிங்காமின் பீட் குழுவில் இருபது வயதுப் பையன்களுக்கு நடுவே சாக்ஸா என்ற ஐம்பது வயதை நெருங்கிய ஜமைக்காக்காரர் சாக்ஸபோன் வாசித்தார். பிரின்ஸ் பஸ்டர், டெஸ்மண்ட் டெக்கரோடு வாசித்தவர். மார்கரெட் தாட்சரைப் பதவி விலகச் சொல்லும் அவர்களின் பாட்டு கோஷம் போடாமல் நடனமாடிக்கொண்டே கேட்கிறது. டூ டோன் குழுக்களில் கால்களுக்கு மிகவும் இனிமையானது இதுவே.

பேயூர்

1980இல் லின்வல் கோல்டிங்கை நிறவெறியர்கள் லண்டனில் கொடூரமாகத் தாக்கினார்கள். நாடே பார்க்கும் குழுவின் கிட்டார்காரருக்கே இந்த நிலை. அவர் பதிலுக்கு எழுதிய 'வொய்?' திட்டவில்லை. ஏன் என்று மட்டும் கேட்கிறது. 1981 ஜூனில் அது 'கோஸ்ட் டவுன்' தட்டின் பின்பக்கத்தில் வந்தது.

கோஸ்ட் டவுன் எனக்கு ஸ்காவின் உச்சம். ஆனால் அதில் ஸ்காவின் துள்ளலே இல்லை. லெமிங்டன் ஸ்பாவில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவானது. நடை தளர்ந்த தாளம், ஆவி ஊளையிடுவது போன்ற குரல்கள், நடுவில் ரிக்கோவின் டிராம்போன் அநாதையாக அலைகிறது. கிளாஸ்கோவில் மூதாட்டிகள் வீட்டுச் சாமான்களைத் தெருவில் வைத்து விற்றதையும், ஊர் ஊராகக் கடைகள் மூடிக்கிடந்ததையும் சுற்றுப்பயணத்தில் பார்த்ததாக டாமர்ஸ் சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கோவென்ட்ரியில் கார் வேலைகள் கரைந்துகொண்டிருந்தன. அந்த வசந்தத்தில் அதே ஊரின் கடைத்தெருவில் ஓர் இந்திய மாணவர் நிறவெறியர்களால் கொல்லப்பட்டார். இன ஒற்றுமைக்காக ஸ்பெஷல்ஸ் தங்கள் ஊர் மைதானத்தில் நிகழ்ச்சி நடத்தினார்கள்.

1981 ஜூலை 3. சவுத்தாலின் ஹாம்ப்ரோ டேவர்ன் மதுக்கடையில் 'ஓய்' வகை பங்க் குழுக்கள் மூன்று வாசித்தன. கேட்க வந்த ஸ்கின்ஹெட்டுகள் கிழக்கு லண்டனிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். வழியில் ஆசியர் கடைகளை உடைத்தார்கள். இந்த முறை சவுத்தால் பையன்கள் ஒதுங்கவில்லை. அன்றிரவு மதுக்கடை எரிந்து சாம்பலானது. தாங்கள் நாஜிகள் இல்லை என்று அந்தக் குழுக்கள் அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உன் பாட்டைக் கேட்க வருகிறவன் வழியில் யாரை அடித்துவிட்டு வருகிறான் என்பது உன் கவலை இல்லையென்றால், என் கவலையில் உன் பாட்டுக்கு இடமில்லை. அடுத்த வாரம் கோஸ்ட் டவுன் முதலிடத்துக்கு ஏறியபோது லிவர்பூல், மான்செஸ்டர் என்று நகரம் நகரமாகக் கலவரம். நாட்டின் தலைக்கு மேல் புகை. வானொலியில் அந்த டிராம்போன்.

ஸ்பெஷல்ஸ் அந்த ஆண்டே உடைந்தது. ஹால், ஸ்டேபிள், கோல்டிங் மூவரும் விலகினார்கள். டாமர்ஸ் மீதிப் பேரை வைத்து 1984இல் நெல்சன் மண்டேலாவின் விடுதலை கேட்டு ஒரு பாட்டை உலகத்துக்குத் தந்தார்.

அவர்கள் தோற்றார்களா? பலர் அப்படித்தான் சொல்வார்கள். நாஜி வணக்கம் வைத்தவன் பாட்டைக் கேட்டுத் திருந்திவிட்டானா என்று கேட்பார்கள். எல்லாரும் திருந்தவில்லைதான். ஸ்பெஷல்ஸ் செய்தது வேறு. கூட்டத்தில் அடிதடி தொடங்கினால் பாட்டை நிறுத்தினார்கள். கேம்பிரிட்ஜில் அப்படி நடந்த ஒரு சண்டையில் டாமர்ஸையும் ஹாலையுமே போலீஸ் கைது செய்து, நீதிமன்றம் அபராதம் போட்டது. ஆடுகிறவனைப் பார்த்து 'நீ யாரோடு ஆடுகிறாய்?' என்று கேட்ட இசை அது. கேள்வி கேட்பதற்கே ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தார்கள்.

பிறகு வந்தவர்கள்

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சாதாரண பங்க் குழுவாகத் தொடங்கிய ஸ்க்ரூடிரைவர் 1982இல் வெளிப்படையான நாஜிக் குழுவாகத் திரும்பி வந்தது. ஸ்கின்ஹெட் என்றால் நாஜி என்று உலகம் நினைப்பதற்கு அவர்களே முக்கியக் காரணம். எதிர்வினையாக 1980களின் பின்பாதியில் நியூயார்க்கில் 'இனவெறிக்கு எதிரான ஸ்கின்ஹெட்டுகள்' அமைப்பு தோன்றியது. ஜமைக்காப் பாட்டுகளை வெளியிட்ட ட்ரோஜன் நிறுவனத்தின் தலைக்கவசத்தையே சின்னமாக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க ஸ்காவில் எனக்கு இரண்டு குழுக்கள் போதும். ஒன்று ஃபிஷ்போன். லாஸ் ஏஞ்சலஸில் இனப் பிரிவினையைக் குறைக்க, கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, அந்தப் பள்ளியில் 1979இல் உருவான கறுப்பினக் குழு. பங்க், ஃபங்க், ஸ்கா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் வாசிப்பார்கள். இன்னொன்று, 1987 முதல் 1989 வரை மட்டுமே இருந்த ஆபரேஷன் ஐவி. ஒரே ஆல்பம், ஒலித்தரம் சுமார், உண்மை நூறு விழுக்காடு. அதிலிருந்து பிரிந்த இருவர்தான் பிறகு ரான்சிட் தொடங்கினார்கள்.

1990களின் நடுவில் நோ டவுட், மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ் எல்லாம் வானொலியைப் பிடித்தார்கள். ஜாலியான பாட்டுகள்தான், நானும் கேட்பேன். ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டம் மட்டும் சட்டையில் மிஞ்சி, அது எதற்கு வந்தது என்பது பலருக்கு மறந்துபோனது. அப்போது கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தவர் கொரிய வம்சாவளி மைக் பார்க். 1996இல் 'ஏஷியன் மேன் ரெக்கார்ட்ஸ்' தொடங்கியவர், 1998இல் 'ஸ்கா அகெயின்ஸ்ட் ரேசிசம்' என்ற சுற்றுப்பயணத்தை நடத்தினார்.

நம் பக்கத்திலும் இந்தக் கதைக்கு வால் உண்டு. கோலாலம்பூரில் பண்டல் கடையில் தேடிப் பிடித்த பிரெட் பெர்ரி சட்டையோடு ஸ்காவுக்கு ஆடும் மலாய் ஸ்கின்ஹெட்டுகள் பல காலமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் பாட்டுக்காகவே வந்தவர்கள். ஆனால் இனத் தூய்மை பேசும் மலாய் நாஜிக் கூட்டம் ஒன்றைப் பற்றியும் செய்தி வந்தது. ஹிட்லர் இவர்களை எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு, உடையும் இசையும் யாருக்கும் தடுப்பூசி இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

தடுப்பூசி இல்லையென்றால் பிறகு எதற்கு இந்த இசை? 2017 ஏப்ரலில் பர்மிங்காமில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பாருங்கள். குடியேறிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான ஓர் அமைப்பின் ஊர்வலம். முக்காடு அணிந்த பெண் ஒருவரை அவர்கள் சூழ்ந்துகொண்டபோது, சஃபியா கான் என்ற இளம்பெண் குறுக்கே போய் நின்றார். அப்பா பாகிஸ்தானியர், அம்மா போஸ்னியர். முகத்துக்கு நேரே கத்துகிற ஆளை, கையைப் பையில் விட்டபடி, சின்னச் சிரிப்போடு பார்க்கிறார். ஜாக்கெட்டுக்குள் ஸ்பெஷல்ஸ் டீ-சட்டை.

1969இல் அந்தப் பாட்டுக்கு ஆடியவர்கள் யாரைத் தேடி அடித்தார்களோ, அந்த மக்களின் மகள் அந்தப் பாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இடையில் இருந்தது கோவென்ட்ரி.

கதை இன்னும் ஒரு படி போகிறது. மீண்டும் கூடிய ஸ்பெஷல்ஸ் 2019இல் வெளியிட்ட 'என்கோர்' ஆல்பத்தில் சஃபியா கானையே பேச வைத்தார்கள். அவர் பேசியது பிரின்ஸ் பஸ்டரின் '10 கட்டளைகள்' என்ற பழைய பாட்டுக்குப் பதில். பெண் எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்று ஆண் கட்டளை போடும் பாட்டு அது. ஸ்காவின் தந்தை என்று எல்லாரும் கும்பிடும் ஆளிடம், இது சரியில்லை என்று ஸ்கா தாளத்திலேயே சொல்கிறார் ஒரு பெண்.

இந்த இசையை நேசிப்பது என்றால் எனக்கு இதுதான். கும்பிடுவது இல்லை, சட்டையை வாங்கி மாட்டிக்கொள்வதும் இல்லை. பாட்டு வந்த இடத்தைத் தெரிந்துகொள்வது, பக்கத்தில் ஆடுகிறவன் யாரென்று பார்ப்பது, தேவைப்பட்டால் பாட்டோடும் சண்டை போடுவது. அதன் பிறகு ஆடலாம். அரை இடம் தள்ளித்தான் ஆட வேண்டும்.